தொட்டியடியில் பதினான்கு கிலோ

மண்ணூர்,
25-10-1991

மதிப்பிற்குரிய டாக்டர் ஞானம்மா அவர்களுக்கு,

உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்த பிறகும் கிழிக்காமல் இந்த வரிவரை வந்திருந்தால் நன்றி. நீளமாக எழுதுவது என் பழக்கம் என்பது உங்களுக்குத் தெரியும். ஆகவே சொல்லப்போவதை முதலிலேயே வரிசைப்படுத்திவிடுகிறேன். நடுவில் நிறுத்திவிட்டாலும் சாரம் கையில் இருக்கும்.

1. நான் ஆலோசகராகப் போய்வரும் முலாம் தொழிற்சாலையில், நிக்கல் தொட்டியின் அடியில் பச்சைப் படிகங்கள் உறைந்தன.
2. அவற்றில் அம்மோனியம் இருப்பதாக நான் எழுதிக் கொடுத்த குறிப்பினால் திருமலை என்ற தொழிலாளியின் வேலை போகவிருக்கிறது. அந்தச் சோதனைமேல் எனக்கு இப்போது நம்பிக்கை இல்லை.
3. இருப்பது அம்மோனியம்தான் என்றால், திருமலை ஊற்றியதைத் தவிர அது தொட்டிக்குள் வர வேறு வழி கிடையாது.
4. இருப்பது பொட்டாசியம் என்றால் அவர் குற்றமற்றவர். எது என்பதை உங்கள் எக்ஸ்-கதிர்க் கருவி ஐயமறச் சொல்லிவிடும்.
5. 1964-இல் நடந்ததற்கும் இதற்கும் தொடர்பில்லை. அன்று அந்தத் தூரத்தை நான் கணக்கிட்டுப் பார்த்திருக்கவில்லை. அதனால்தான் பேசவில்லை.

இனி விவரம்.

இங்கே ஸ்கூட்டர், சைக்கிள் உதிரிபாகங்களுக்கு நிக்கல் முலாம் பூசுகிறார்கள். கல்லூரியிலிருந்து ஓய்வு பெற்றபின் வாரம் இரண்டு நாள் போய்த் தொட்டிகளின் கரைசலைச் சோதித்துக் கொடுக்கிறேன். ஆயுத பூஜைக்கு மூன்று நாள் விடுமுறை விட்டார்கள். எப்போதும் சூடாக இருக்கும் பெரிய தொட்டி அந்த மூன்று நாளும் ஆறிக் கிடந்தது. திறந்து பார்த்தால் அடியில் கற்கண்டு போலப் பச்சைப் படிகங்கள். அள்ளி உலர்த்தியதில் பதினான்கு கிலோ. கரைசலில் இருக்க வேண்டிய நிக்கலில் ஒரு பங்கு இப்படி அடிக்குப் போய்விட்டதால் அன்றைய சரக்கு முழுவதும் முலாம் உரிந்து திரும்பி வந்தது.

ஒரு துண்டைக் காஸ்டிக் சோடாவுடன் சூடாக்கினேன். கிளம்பிய ஆவியில் பிடித்த சிவப்பு லிட்மஸ் தாள், அம்மோனியா பட்டால் ஆவதுபோல நீலமாயிற்று. நிக்கல் அம்மோனியம் சல்ஃபேட் என்று எழுதிக் கையெழுத்திட்டேன். அது மேலாளர் கைக்குப் போன அரை மணி நேரத்தில் திருமலையை சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள். விடுமுறைக்கு முதல் நாள் அவர் ஆய்வக அறையிலிருந்து அரை லிட்டர் அம்மோனியா பாட்டில் ஒன்றை எடுத்துப் போனதைச் சூப்பர்வைசர் பார்த்திருக்கிறார். பாட்டில் காலியாகத் திரும்பி வந்தது. கரைசலில் அமிலப் புளிப்பு ஏறினால் சில இடங்களில் அம்மோனியாவை ஊற்றிச் சரிக்கட்டுவது உண்டு. இங்கே அதற்குத் தடை. திருமலை அப்படித்தான் செய்துவிட்டார் என்கிறார் மேலாளர். பூஜைக்குப் பித்தளை மணியையும் விளக்கையும் பெயர்ப்பலகையையும் தேய்க்க எடுத்ததாகத் திருமலை சொல்கிறார்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. நான் சோதனை செய்த மேசையில்தான் அம்மோனியா பாட்டில்கள் நிற்கும். எதற்கும் மூடி சரியாகப் பொருந்தாது. அறைக் காற்றே தாளை நீலமாக்கியிருக்கலாம். பக்கத்திலேயே துத்தநாகத் தொட்டி இருக்கிறது. அதில் போடுவது பொட்டாசியம் குளோரைடு. கொக்கிகளில் சொட்டிச் சொட்டி அது நிக்கல் தொட்டிக்கு வந்திருக்கலாம். பொட்டாசியம் உப்பும் அம்மோனிய உப்பும் ஒரே வடிவில் படிகமாகும், ஒன்றின் இடத்தில் மற்றொன்று உட்காரும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

விசாரணை டிசம்பர் இரண்டாம் தேதி. ஐந்தாவது குறிப்பைப் பற்றி மேலே எழுத இப்போது தைரியம் வரவில்லை.

தங்கள்,
சுப்பராயன்

*

சென்னை,
30-10-1991

திரு. சுப்பராயன்,

கிழிக்கவில்லை. பிழைகளைக் கோப்பில் வைப்பது என் பழக்கம்.

உங்கள் லிட்மஸ் சந்தேகத்துக்கு எக்ஸ்-கதிர் எதற்கு? ஒரு துண்டை வீட்டுக்கு எடுத்துப் போய், நல்ல காற்றில், அதே சோதனையைத் திரும்பச் செய்திருக்கலாம். ஒரு தொழிலாளியைத் தெருவில் நிறுத்திய தாளில் கையெழுத்திடும் முன்பே செய்திருக்கலாம். உங்கள் முடிவை இன்னொருவர் வாயால் கேட்டால்தான் உங்களுக்குத் தூக்கம் வரும். அன்றும் அப்படித்தான்.

ஐந்தாவது குறிப்பை எழுதாமல் விட்டிருந்தால் நான் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். எழுதியது நீங்கள். ஆகவே கேளுங்கள்.

1964-இல் நம் ஆய்வகத்தில் இருந்தது ஒரு செம்பு அணைவுச் சேர்மம். செம்பு அணுவோடு ஓர் ஆக்ஸிஜன் ஒட்டியிருந்தது. நம் பேராசிரியர் அதை நீர் என்றார். நீருக்கு இரண்டு ஹைட்ரஜன். இரண்டு கையும் அக்கம்பக்கத்தில் எதையாவது பற்றும். அதுதான் ஹைட்ரஜன் பிணைப்பு, அதுதான் படிகத்தை நிறுத்தி வைக்கிறது. அந்த ஆக்ஸிஜனுக்கு ஒரு பக்கம்தான் பற்ற ஆள் இருந்தது. மறு பக்கத்தில் அடுத்த அணு 3.38 ஆங்ஸ்ட்ராம் தள்ளி. கை எட்டாது. ஆகவே அது நீர் அல்ல, ஒரே ஹைட்ரஜன் உள்ள ஹைட்ராக்ஸைடு என்றேன். துறையே உட்கார்ந்திருந்தது. அவர் உங்கள் பக்கம் திரும்பி, "சுப்பராயன், தூரத்தைக் கணக்கிட்டாயா?" என்றார். "இன்னும் பார்க்கவில்லை ஐயா" என்றீர்கள். தரையைப் பார்த்துக்கொண்டு.

கட்டுரை நீர் என்றே வெளிவந்தது. உங்கள் பெயர் இருந்தது. கையெழுத்திட மறுத்த என் பெயர் இல்லை. என் ஆய்வேடு இரண்டு ஆண்டு தள்ளிப்போனது. வெளிநாட்டில் ஒருவர் நான் சொன்னதே சரி என்று காட்டிய வருடமும் உங்களிடமிருந்து ஒரு கார்டு வரவில்லை.

படிகத்தை அனுப்புங்கள். கீறல் இல்லாததாக, அரை மில்லிமீட்டருக்கு மேற்படாததாக. பிலிம் டப்பாவில் பஞ்சு வைத்து யாரிடமாவது கொடுத்தனுப்புங்கள். நீங்கள் வர வேண்டாம். திருமலை என்ற அந்த மனிதருக்காகச் செய்கிறேன். அவரை எனக்குத் தெரியாது என்பது அவருடைய அதிர்ஷ்டம்.

ஞானம்மா

*

மண்ணூர்,
7-11-1991

மதிப்பிற்குரிய டாக்டர் ஞானம்மா அவர்களுக்கு,

எங்கள் ஸ்டோர்கீப்பர் சின்னப்பையன் சாமான் வாங்கச் சென்னைக்கு வருகிறார். அவரிடம் டப்பாவைக் கொடுத்திருக்கிறேன். ஆறு படிகங்கள் இருக்கின்றன. மூன்றாவது நன்றாக இருப்பதாக எனக்குப் படுகிறது. தவறாகவும் இருக்கலாம்.

நீங்கள் சொன்னபடி வீட்டுக் கொல்லையில் சோதனையைத் திரும்பச் செய்தேன். தாள் நீலமாயிற்று, ஆனால் அவ்வளவு அழுத்தமாக இல்லை. இப்போது என் சந்தேகம் வேறு வகை. பெரும்பகுதி பொட்டாசியமாக இருந்து, ஊடே கொஞ்சம் அம்மோனியம் கலந்திருக்கலாம். தாள் எவ்வளவு என்று சொல்லாது.

சோதனையை முன்பே திரும்பச் செய்திருக்க வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் "தெருவில் நிறுத்திய" என்ற சொல் மிகை. நான் எழுதியது ஒரு பொருளின் பெயர் மட்டும். ஒரு மனிதரின் பெயரை நான் எழுதவில்லை.

இதை எழுதிவிட்டு அடிக்கலாமா என்று வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏனென்றால் தீபாவளிக்கு மறுநாள் திருமலையின் மனைவி முனியம்மாள் வல்லக்கோட்டையிலிருந்து பஸ் பிடித்து என் வீட்டுக்கு வந்தார். இதையேதான் நான் அவரிடமும் சொன்னேன். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. ஒன்றும் சத்தம் போடவில்லை.

"உங்க பேப்பரு நெறம் மாறிச்சாமே சாரு. எங்க வூட்ல அடுப்பு நெறம் மாறிச்சி. வந்து பாக்கறீங்களா?" என்றார். பிறகு என் மனைவியிடம் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, "பித்தள மணிய வந்து மோந்து பாருங்க. அது பொய் சொல்லாது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மணியை முகர்ந்து பார்த்தேன் என்று எழுதினால் சிரிப்பீர்கள். பார்த்தேன். வாடை எதுவும் இல்லை. மூன்று வாரத்துக்குப் பிறகு இருக்காது என்பதும் எனக்குத் தெரியும்.

தங்கள்,
சுப்பராயன்

*

சென்னை,
18-11-1991

திரு. சுப்பராயன்,

மூன்றாவது படிகம் விரிசல் விட்டது. ஐந்தாவதைப் பயன்படுத்தினேன்.

நிக்கலைச் சுற்றி ஆறு நீர் மூலக்கூறுகள், எண்முகியாக. நீர்களின் பன்னிரண்டு ஹைட்ரஜனும் சல்ஃபேட் ஆக்ஸிஜன்களைப் பற்றியிருக்கின்றன. ஒழுங்கான அமைப்பு, பாடப்புத்தகத்தில் உள்ளபடி. உங்களுக்கு வேண்டியது நீரும் நிக்கலும் அல்ல, ஓரத்தில் இருக்கும் அந்த மற்றொரு அயனி.

பொட்டாசியம் என்று வைத்துக் கணக்கிட்டால் அந்த இடத்தில் எலெக்ட்ரான்கள் பாதிக்கு மேல் குறைகின்றன. நைட்ரஜன் என்று வைத்தால் சரியாகப் பொருந்துகிறது. பிறகு, கணக்கில் சேராத எலெக்ட்ரான்களைக் காட்டும் மிச்ச வரைபடத்தில் அதைச் சுற்றி நான்கு சிறிய மேடுகள் தெரிந்தன. நான்கு ஹைட்ரஜன்கள். மூன்று நேராகச் சல்ஃபேட் ஆக்ஸிஜன்களை நோக்கி நிற்கின்றன. நான்காவது இரண்டு ஆக்ஸிஜன்களுக்கு நடுவே எதைப் பிடிப்பது என்று தெரியாமல் நிற்கிறது. அதைப் பார்த்ததும் உங்கள் ஞாபகம் வந்தது.

கலப்பு இருக்கிறதா என்றும் பார்த்தேன். பொட்டாசியத்தின் பங்கு பிழை எல்லைக்குள் பூஜ்யம். இன்னொரு படிகத்தையும் ஏற்றிப் பார்த்தேன். அதிலும் அப்படியே. முழுக்க முழுக்க அம்மோனியம்.

அட்டவணைகள் இணைத்திருக்கிறேன்.

ஞானம்மா

*

மண்ணூர்,
20-11-1991

மதிப்பிற்குரிய டாக்டர் ஞானம்மா அவர்களுக்கு,

அட்டவணைகளை மூன்று முறை படித்தேன். குறை சொல்ல எதுவும் இல்லை. இவ்வளவு சுத்தமான வேலையைப் பார்த்து நாளாயிற்று.

ஆக, என் லிட்மஸ் தாள் பொய் சொல்லவில்லை. மனம் ஒரு பக்கம் இலேசாயிற்று. அப்படி இலேசானதற்காக மறு பக்கம் கூசுகிறது. என் முதல் கடிதத்தின் மூன்றாவது குறிப்பின்படி இனிச் சொல்ல ஒன்றுமில்லை. திருமலை என்னிடம் பொய் சொல்லியிருக்கிறார். நேற்று தொழிற்சாலை வாசலில் நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "சாமி பித்தளைக்குத்தான் சார் எடுத்தேன்" என்றார். முகத்தைப் பார்த்தால் பொய் சொல்கிறவராகத் தெரியவில்லை. ஆனால் முகத்தைக் கொண்டு வேதியியல் செய்ய முடியாது.

மேலாளர் விசாரணைக்கு உங்கள் அட்டவணையையும் கேட்கிறார். கொடுத்துவிடலாம் என்றிருக்கிறேன். நான் வாய் திறக்க வேண்டிய அவசியம் இருக்காது. உங்களுக்குத் தந்த சிரமத்துக்கு மன்னிக்கவும்.

தங்கள்,
சுப்பராயன்

*

சென்னை,
22-11-1991

திரு. சுப்பராயன்,

என் அட்டவணையைக் கொண்டு ஒருவரின் கழுத்தை அறுக்க நீங்கள் யார்?

அரை நாள் வேலை செய்யும் மூளையை முழு நாள் வேலை செய்ய விடுங்கள். தொட்டியடியில் பதினான்கு கிலோ என்று எழுதியது நீங்கள். பாட்டில் அரை லிட்டர் என்று எழுதியதும் நீங்கள். இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதிவிட்டு, அருகருகே வைத்துப் பார்க்கவில்லை.

கணக்கு இதோ. இந்த உப்பு 395 கிராமில் அம்மோனியா 34 கிராம். பதினான்கு கிலோவில் ஏறத்தாழ ஒரு கிலோ இருநூறு கிராம். கடையில் விற்கும் அம்மோனியாக் கரைசலாகச் சொன்னால் ஐந்து லிட்டருக்கு மேல். உங்கள் பாட்டிலில் பத்துப் பாட்டில் போதாது. கரைசலிலேயே தங்கிவிட்டதை நான் சேர்க்கவில்லை.

பெரும்பகுதி பொட்டாசியமாக இருந்திருந்தால் ஒரு பாட்டில் போதுமானதாக இருந்திருக்கும். அப்போது திருமலைமேல் சந்தேகம் நின்றிருக்கும். முழுக்க அம்மோனியம் என்பதால்தான் அவர் செய்திருக்க முடியாது. நீங்கள் தலைகீழாகப் படித்திருக்கிறீர்கள். ஒரு முடிவைக் கையில் கொடுத்ததும் குனிந்து வாங்கிக்கொண்டு போய்விட்டீர்கள். அன்று பேராசிரியர் கொடுத்தார், இன்று நான் கொடுத்தேன். அவ்வளவுதான் வித்தியாசம்.

அப்படியானால் ஒரு கிலோவுக்கு மேற்பட்ட அம்மோனியா எங்கிருந்து வந்தது? பாட்டிலில் வந்திருக்காது. மூட்டையில் வந்திருக்கும். அந்தத் தொட்டியில் என்ன உப்பு போடுகிறார்கள் என்று போய்ப் பாருங்கள். ஆலோசகர் நீங்கள்தானே.

எனக்குப் பதில் எழுத வேண்டாம். விசாரணையில் பேசுங்கள். பேச முடியாது என்றால் அதையும் எழுத வேண்டாம், எனக்குத் தெரியும்.

ஞானம்மா

*

மண்ணூர்,
4-12-1991

மதிப்பிற்குரிய டாக்டர் ஞானம்மா அவர்களுக்கு,

பதில் வேண்டாம் என்று எழுதியிருந்தீர்கள். இதைப் பதிலாகக் கொள்ளாமல் திருத்தமாகக் கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

உங்கள் கணக்கை இருமுறை போட்டுப் பார்த்தேன். சரி. மறுநாள் ஸ்டோருக்குப் போய், நிக்கல் தொட்டிக்கு எந்த உப்பு கொடுக்கிறீர்கள் என்று சின்னப்பையனைக் கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"இன்னா சார், என்னையா கேக்கறீங்க? நீங்கதானே எழுதிக் குட்த்தீங்க."

கதவுக்குப் பின்னால் சுவரில் கோந்து போட்டு ஒட்டியிருந்தது. என் கையெழுத்து, ஜூலை மாதத் தேதி. அந்த நாட்களில் வெளிநாட்டுச் சரக்கு வரத்து நின்றுபோய் நிக்கல் சல்ஃபேட் கிடைக்கவில்லை. மாணவப் பருவத்தில் படித்த புத்தகத்தை நம்பி, "கிடைக்காவிட்டால் இரட்டை உப்பு, அதாவது நிக்கல் அம்மோனியம் சல்ஃபேட், பயன்படுத்தலாம்" என்று எழுதியிருக்கிறேன். என் மனத்தில் இருந்தது மூலையிலுள்ள பழைய சின்னத் தொட்டி. அதுவும் ஒரு வாரத்துக்கு. சின்னத் தொட்டி என்றும் எழுதவில்லை, ஒரு வாரம் என்றும் எழுதவில்லை. எதையும் வரிசை எண் போட்டு எழுதும் நான், அன்று பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று இரண்டே வரியில் கிறுக்கிவிட்டு வந்திருக்கிறேன்.

நிக்கல் சல்ஃபேட் ஆகஸ்டிலேயே வந்துவிட்டதே, ஏன் நிறுத்தவில்லை என்று கேட்டேன்.

"போடச் சொல்லி எழுதனீங்க. நிறுத்தச் சொல்லி எழுதல. அதான் அதையும் சேத்துப் போட்டுக்கினே கீறோம்."

அவர்மேல் குற்றமில்லை. அந்தத் தொழிற்சாலையில் எழுதியது எழுதியதுதான். வேறொன்று எழுதும்வரை அதை யாரும் தொடமாட்டார்கள். நான்கு மாதம் மூட்டை மூட்டையாகப் பெரிய தொட்டியில் போட்டிருக்கிறார்கள். சூடாக இருந்தவரை கரைந்தே இருந்தது. பூஜைக்கு மூன்று நாள் ஆறியதும் அடியில் உறைந்துவிட்டது. காலிச் சாக்குகளில் இரண்டைப் பிரித்து, தொழிலாளர்கள் உடை மாற்றும் இடத்தில் திரையாகத் தொங்கவிட்டிருந்தார்கள். உப்பின் பெயர் அதில் பெரிய எழுத்தில் அச்சாகியிருந்தது. வாரத்துக்கு இரண்டு நாள் அதை விலக்கிக்கொண்டுதான் நான் உள்ளே போவேன். நான் என் லிட்மஸ் தாளைச் சந்தேகித்தேன், அறைக் காற்றைச் சந்தேகித்தேன், ஒரு மனிதரையும் சந்தேகித்தேன். என் கையெழுத்தைச் சந்தேகிக்கத் தோன்றவில்லை.

பத்து நாள் தூங்கவில்லை. தாளைச் சுவரிலிருந்து கிழித்துவிடலாம் என்று ஒரு முறை தோன்றியது. அதையும் உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன். கோந்து காய்ந்திருந்தது, ஓரம் சுலபமாக எழும்பியது. எழும்பிய ஓரத்தை மீண்டும் அழுத்தி ஒட்டிவிட்டு வந்தேன்.

இரண்டாம் தேதி மேலாளர் அறையில் விசாரணை. ஐந்து பேர் இருந்தார்கள். எழுதி வைத்ததைப் படிக்கத் தொடங்கினேன். சற்று உரக்கப் படிக்கச் சொன்னார்கள். ஒரு பாட்டிலில் அது முடியாது என்ற கணக்கை முதலில் படித்தேன். பிறகு, அன்று காலை சின்னப்பையனிடம் சொல்லிச் சுவரிலிருந்து பெயர்த்து எடுத்துவந்த ஜூலை மாதத் தாளை மேசைமேல் வைத்தேன்.

மேலாளர் அதை எடுத்துப் படித்தார். "உங்க ரிப்போர்ட்டுக்கு எதிரா நீங்களே பேசறீங்களா சார்?" என்றார்.

"இரண்டிலும் இருப்பது என் கையெழுத்துதான். அக்டோபர் தாளை நம்பி அவரை நிறுத்தினீர்கள். ஜூலைத் தாளை நம்பித் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள்" என்றேன்.

இன்று காலை ஷிப்டுக்குத் திருமலை வந்துவிட்டார். ஒன்றரை மாதச் சம்பளத்தைப் பற்றி இன்னும் முடிவாகவில்லை. நானே போய் நின்றேன். அவர் கையுறையை மாட்டிக்கொண்டே, "எங்க வூட்டுப் பொம்பள உங்க வாசல்ல வந்து நின்னப்பவே இத்தப் பாத்திருக்கலாம் இல்ல சார்?" என்றார். சொல்லிவிட்டுத் தொட்டிப் பக்கம் போய்விட்டார். என்னை இனி வர வேண்டாம் என்று மேலாளர் சொல்லியனுப்பிவிட்டார். அது நியாயமே.

மூன்றாவது குறிப்பு தவறு என்பதை விசாரணையிலேயே எழுதிக் கொடுத்துத் திருத்திவிட்டேன். அதைக் கண்டுபிடித்தவர் நீங்கள் என்பதால் அதை ஒப்புக்கொள்வதில் எனக்குப் பெருமை எதுவும் இல்லை. நீங்கள் கண்டுபிடிக்க முடியாத தவறு இன்னொன்று இருக்கிறது.

1964-இல் அந்தக் கூட்டத்துக்கு முதல் நாள் மாலை, எல்லோரும் போன பிறகு, நான் மேசையில் உட்கார்ந்து அந்தத் தூரத்தைக் கணக்கிட்டேன். விடையை ஒரு துண்டுத் தாளில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். பேராசிரியர் என்னைக் கேட்டபோது அது பையில்தான் இருந்தது. நான் பார்த்தது தரையை அல்ல, என் சட்டைப் பையை.

ஐந்தாவது குறிப்பு தவறு. கணக்கிட்டிருந்தேன். எனக்கும் 3.38-தான் வந்தது.

சுப்பராயன்